சீமாட்டியின் சிவப்புக் கவுன்

ஞானசுந்தரி டீச்சர் இறந்துபோன செய்தியைச் சேலம் பஸ் கண்டக்டர்தான் எங்கள் லாட்ஜுக்குக் கொண்டுவந்தார். கேட்டதும் டைனிங் ஹால் சுவரில் தொங்கும் சீமாட்டி படத்தைப் பார்த்தேன். சீமாட்டியின் கன்னத்தில் பூசணம் பிடித்திருந்தது. மழை ஓய்ந்தும் டீச்சர் இந்த வருஷம் வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

டீச்சரிடம் டிராயிங் படித்தவர்கள் ஏற்காட்டில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அந்தப் படத்தை வரைந்தவர் அவர்தான் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. தெரியாதபடி செய்தவன் நான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் லாட்ஜ் புதிது. பழைய பங்களா மாதிரி தோன்றட்டும் என்று, ஒரு கிழிந்த இங்கிலீஷ் புத்தகத்திலிருந்து பிரபு வீட்டுச் சீமாட்டி ஒருத்தியின் அச்சுப் படத்தை டீச்சரிடம் கொடுத்துப் பெரிதாக வரையச் சொன்னேன். செம்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்தது. எல்லாம் கறுப்புக் கோடுகள். கவுன் என்ன நிறம் என்று கேட்டேன்.

"கோட்டுல நெறம் ஏதுங்க? நாமதான் பாத்துக்கோணும்" என்றார். எஸ்டேட்டில் ஒரு மத்தியானம் முழுக்கக் காப்பிப் பழத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வந்து அந்தச் சிவப்பைக் கலந்தார்.

படம் முடிந்ததும், "டீச்சர், கீழே உங்க பேரு வேண்டாமுங்க. பழைய படம்னு இருக்கட்டும்" என்றேன். அவர் டர்பன்டைன் தொட்ட துணியால் தன் பெயரைத் தானே துடைத்தார்.

மலையின் ஈரத்தில் வருஷாவருஷம் படத்தில் பூசணம் பூக்கும். யாரும் கூப்பிடாமலே பஞ்சும் பழந்துணியுமாக வந்து, ஏணியில் ஏறித் துடைத்துவிட்டுப் போவார். அப்படி ஒரு நாள், சாப்பிட்டுக்கொண்டிருந்த டூரிஸ்ட் ஒருவர் அவரை வேலைக்காரி என்று நினைத்துவிட்டார்.

"ஏம்மா, மெதுவாத் தொடை. வெள்ளைக்காரன் வரைஞ்சது. அந்தச் செவப்பு நம்ம ஆளுங்களுக்கு வருமா?"

"சரிங்க, பாத்துத் தொடைக்கறேனுங்க" என்றார் டீச்சர்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பில் புத்தகத்தைப் புரட்டினேன். இதை எழுதும்போதும் என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

போகும்போது வாசலில் நின்று சொன்னார்: "அவரு தெரியாமச் சொன்னாருங்க. நீங்க தெரிஞ்சே சும்மா இருந்தீங்க." குரலில் கோபமே இல்லை. அடுத்த மழைக்கும் வந்தார். அதற்குப் பிறகு எத்தனையோ மழை. நான் ஒரு தடவைகூட மன்னிப்புக் கேட்கவில்லை.

அடக்கம் முடிந்து வந்து, அவர் விட்டுப்போன பழந்துணியை எடுத்து, ஏணியில் ஏறி நானே துடைத்தேன். அந்தத் துணி மட்டும்தான் அவருடையதாக என்னிடம் இருக்கிறது. சாப்பிட வந்திருந்த ஒரு பெண், "நல்ல செவப்புங்க. யாரு வரைஞ்சது?" என்று கேட்டாள்.

"ஞானசுந்தரி டீச்சருங்க. இந்த ஊருதான்."

"அவங்களப் பாக்க முடியுமுங்களா?"

எத்தனை வருஷம் அவர் இதே ஏணியில் நின்றார். இவர்தான் என்று கையைக் காட்டியிருந்தால் போதும்.