பச்சை ஜன்னலில் இருந்த ஈயம்

என் மகள் செல்விக்கு முதலில் குறைந்தது பேச்சு. இரண்டரை வயதில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவள், ஒவ்வொரு வார்த்தையாக விட்டுவிட்டாள். வேண்டியதைக் கையால் காட்டினாள். கொடுக்கக் கொஞ்சம் தாமதமானாலும் தரையில் விழுந்து புரண்டு அழுதாள். பிடிவாதம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

பிறகு வயிற்றுவலி வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மடங்கி உட்காருவாள். நாள்கணக்கில் வெளிக்குப் போகமாட்டாள். சாப்பிட்டதை வாந்தி எடுப்பாள். உதடு வெளுத்துவிட்டது. நாங்கள் குடியிருந்த போடி ஊர் டாக்டர் பூச்சி மருந்து கொடுத்தார், இரத்தம் ஊற டானிக் கொடுத்தார். உறவுக்காரர்கள் கயிறு மந்திரித்துக் கட்டினார்கள். எதிலும் தேறவில்லை.

என் கணவர் ராசு, மலைத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பு ஓட்டினார். எழுபதுகளின் கடைசி வருடங்கள் அவை. ஏலக்காய் எடுப்புக் காலத்தில் ஜீப்பு மேலேயே நிற்கும் என்பதால் என்னையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனார். தோட்டத்தில் ஒரு அறை கொடுத்தார்கள். மண் தரை, சுண்ணாம்பு அடித்த சுவர். மழையும் அட்டையுமாக இருந்த அந்த இடத்தில் செல்வி தேறினாள். கஞ்சி குடித்தாள். பக்கத்து அறை மலையாளத்து அம்மா “மோளே” என்று கூப்பிட்டால் திரும்பிச் சிரித்தாள்.

எடுப்பு முடிந்து போடிக்கு இறங்கினோம். சில வாரங்களில் பழையபடி வாந்தி. இந்த முறை நடக்கும்போது கால் பின்னியது. “மலைக் காத்து ஒத்துக்கிருச்சு, கீழ இருக்க வெக்கைதான் பிள்ளைக்கு ஆகல” என்றார் ராசு. நானும் அப்படித்தான் நம்பினேன். எங்கே நன்றாக இருக்கிறாள், எங்கே கெடுகிறாள் என்ற கேள்வியை எந்த டாக்டரும் கேட்கவில்லை. நாங்களாகவும் சொல்லவில்லை. உங்கள் பிள்ளையின் நோயும் இப்படி இடம் மாறினால் குறைந்து, வீடு திரும்பினால் கூடுமானால், தயவுசெய்து அதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ஒரு காலையில் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். செல்வியின் கண் ஒரு பக்கமாகச் செருகியது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. போடி டாக்டர் ஊசி போட்டுவிட்டு, “இங்க வச்சிருக்க வேணாம். மதுரைக்குக் கொண்டு போங்க, வெரசா” என்றார். ராசு ஜீப்பை எடுத்தார். உசிலம்பட்டி தாண்டும்போது இரண்டாவது வலிப்பு வந்தது. அவர் வண்டியை நிறுத்தவில்லை. “மூச்சு இருக்கா? மூச்சு இருக்கா?” என்று மட்டும் கேட்டுக்கொண்டே ஓட்டினார். நான் பிள்ளையின் மூக்கடியில் விரலை வைத்தபடியே இருந்தேன்.

மதுரை பெரிய ஆஸ்பத்திரியில் மூளைக்காய்ச்சலாக இருக்கும் என்று சொல்லி சேர்த்துக்கொண்டார்கள். வலிப்பு அடங்க மருந்து ஏறியது. பிள்ளை கண் திறக்கவில்லை. நாங்கள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். மறுநாள் குழந்தைகள் வார்டின் இளம் பெண் டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். செல்வியின் இரத்தத்தை அவரே பூதக்கண்ணாடிக் கருவியில் பார்த்திருந்தார். சிவப்பு அணுக்களுக்குள் நீலப் புள்ளிகள் இருந்தனவாம். அதனால் வயிற்றை எக்ஸ்ரே எடுக்கச் சொல்லியிருந்தார். படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். குடல் இருக்கும் இடத்தில் உப்புக்கல் தூவியதுபோல் வெள்ளைப் பொட்டுகள்.

“பிள்ளை என்னம்மா திங்குது?”

“கஞ்சி, இட்லி… எப்பவாச்சும் மண்ணு அள்ளித் திம்பா.”

“மண்ணு இப்படித் தெரியாது. வீட்டுல எதையாச்சும் கடிப்பாளா? நக்குவாளா?”

அப்போதுதான் ஜன்னலைச் சொன்னேன். நாங்கள் குடியிருந்தது பழைய காரை வீடு. கதவு, ஜன்னலெல்லாம் பச்சைப் பெயிண்ட். எந்தக் காலத்தில் அடித்ததோ, வெயிலில் வெடித்துச் செதில் செதிலாக உரிந்து கிடக்கும். தெருவைப் பார்க்கும் ஜன்னலின் அடிக்கட்டையில் வாயை வைத்துக்கொண்டு செல்வி நிற்பாள். அப்பாவின் ஜீப்பு வருகிறதா என்று பார்ப்பாள். செதிலைப் பிய்த்து வாயில் போடுவாள். கையைத் தட்டிவிடுவேன். மறுபடி போய் நிற்பாள்.

டாக்டர் படத்தைக் கீழே வைத்தார். “பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கும்மா. அது லேசா இனிக்கும். அதான் பிள்ளைங்க விடாது.”

எனக்குப் புரியவில்லை. “ஈயம் பூசின பாத்திரத்துலதான டாக்டரம்மா எல்லாரும் சமைக்கிறோம்?”

“அது வெள்ளீயம். இது காரீயம், விஷம். இரத்தத்த உறிஞ்சும், மூளைய வீங்க வைக்கும். இவளுக்கு அதான் நடந்திருக்கு.”

முதலில் குடலைக் கழுவி எடுத்தார்கள். பிறகு முறிவு மருந்து (ஈயத்தைப் பற்றிக்கொண்டு சிறுநீர் வழியாக வெளியேற்றுவது). அது சென்னையிலிருந்து வரவேண்டியிருந்தது. வரும்வரை பிள்ளை தாங்குமா என்று கேட்டேன். “பார்ப்போம்” என்றார் டாக்டர். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டுதான் நான் அந்த வராந்தாவில் இருந்தேன்.

மருந்து வந்தது. தொடையில் ஆழமாகப் போடும் ஊசி. போட்ட இடம் கல்லாக வீங்கும். நான்தான் காலை அமுக்கிப் பிடிக்கவேண்டும். முதல் ஊசிகளுக்கு அவளிடம் அசைவே இல்லை. பிறகு ஒரு ஊசிக்கு அவள் வீறிட்டு அழுதாள். நர்சு, “அழுகுறா பாருங்க, நல்லதும்மா” என்றார். அதற்குப் பின் வந்த நாட்களில் என்னைக் கண்டாலே செல்வி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அதைத் தாங்கிக்கொள்ள முடிந்தது.

அந்தப் பெயிண்ட் இருக்கும் வீட்டுக்குப் பிள்ளையைத் திரும்பக் கொண்டுபோகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ராசு அதைக் கேட்டுவிட்டு போடிக்குப் போய்விட்டார். திரும்பி வந்தபோது தலைமுடியும் புருவமும் சாம்பல் பூத்திருந்தன. முகத்தில் அவ்வளவு நாளும் இல்லாத ஒரு தெளிவு.

“சோலி முடிஞ்சது டாக்டரம்மா. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, முரண்டு பிடிச்சத ஊதுவிளக்கு நெருப்பால கருக்கி, அம்புட்டையும் சுரண்டி எடுத்துட்டேன். ஒரு பொட்டுக்கூட இல்ல.”

டாக்டரின் முகம் மாறிவிட்டது. “காய்ஞ்சபடியே தேய்ச்சீங்களா? தூசி எங்க போச்சு?”

“வீடு பூராம் பறந்துச்சு. சரசு கூட்டி அள்ளிக்கிட்டிருக்கு.”

சரசு என் கொழுந்தனின் மனைவி, எங்களோடு அதே வீட்டில் இருந்தாள். அப்போது அவளுக்கு ஐந்து மாதம். அதை நான்தான் டாக்டரிடம் சொன்னேன். 

“செதில விடத் தூசிதான் மோசம்” என்றார் டாக்டர். “மூச்சுல போகும், சோத்துல விழும். தாய்க்குள்ள போனா வயித்துப் பிள்ளைக்கும் போகும். முதல்ல அந்தப் பொண்ண வெளியேத்துங்க.”

எங்கள் தெருமுனை ஏலக்காய்க் கடையில் போன் இருந்தது. ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த கடையில் ட்ரங்க் கால் பதிந்துவிட்டு ராசு நின்றார். லைன் கிடைக்கவே இல்லை. கடைசியில் ரிசீவரை என் கையில் கொடுத்துவிட்டு, “நீ பேசு, நான் போறேன்” என்று ஜீப்புக்கு ஓடினார். அவர் போன பிறகும் வெகுநேரம் நின்றேன். லைன் கிடைத்து, கடைக்காரர் போய்ச் சரசுவைக் கூட்டிவந்தார்.

“அக்கா, பிள்ளைக்கு என்னக்கா?” என்றுதான் எடுத்தவுடன் கேட்டாள்.

“பிள்ளைக்கு ஒண்ணுமில்ல. நீ வீட்டுக்குள்ள திரும்பப் போகாத. கடையிலயே மூஞ்சி கை கழுவிட்டு உக்காரு. மச்சான் வந்துக்கிட்டிருக்காரு, சிலமலைக்கு உங்க வீட்டுல கொண்டுபோய் விடுவாரு.”

“உலையில அரிசி கெடக்குக்கா.”

“கெடக்கட்டும். போகாத.”

அவள் போகவில்லை. அன்று சாயங்காலமே ராசு அவளைச் சிலமலையில் தாய்வீட்டில் விட்டார்; உடுத்தியிருந்த சேலையை அங்கே போனதும் துவைத்துப் போட்டாள். பிறகு மதுரைக்கு வந்து பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்தாள். ராசுவுக்கோ சில வாரம் வயிற்றை முறுக்கியது, மூட்டெல்லாம் குடைந்தது. நாலு மாதம் கழித்துச் சரசுவுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. எடை குறைவு. ஆனால் நல்ல குரலெடுத்து அழுதான். அதுவரை அவள் வயிற்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பயம் வரும். அதை அவளிடம் காட்டாமல் இருக்கப் பழகியிருந்தேன்.

இதையெல்லாம் எழுதுவது உங்களைப் பயமுறுத்த அல்ல. பழைய வீட்டில் பெயிண்ட் உரிந்தால், பிள்ளையையும் பிள்ளைத்தாய்ச்சியையும் முதலில் வெளியே அனுப்புங்கள். காய்ந்தபடி தேய்க்காதீர்கள், நெருப்புக் காட்டாதீர்கள். தண்ணீர் தெளித்து, ஈரமாகவே சுரண்டி, ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். அந்தத் துணியை வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். விளக்குமாறு வேண்டாம். வேலை செய்தவர் உடை மாற்றிக் குளித்த பிறகே பிள்ளையைத் தூக்கட்டும். எங்களுக்கு இது தெரிய ஒரு ஆஸ்பத்திரி வேண்டியிருந்தது.

நாங்கள் அந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. காலி செய்யும்போது வீட்டுக்காரரிடம் ராசு எல்லாவற்றையும் சொன்னார். அவர், “நான் அந்த வீட்டுலதான்யா பிறந்து வளந்தேன்” என்றார். சில மாதம் கழித்து அங்கே தவழும் பிள்ளையோடு ஒரு குடும்பம் வந்தது தெரிந்ததும் நான் போய்க் கதவைத் தட்டினேன். அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பெயிண்ட் போனாலும் அந்தத் தூசி இன்னும் தரையிலும் ஜன்னலிலும் இருக்கும் என்று வாசலிலேயே நின்று சொன்னேன்.  நான் படி இறங்கும்போது, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பிள்ளையை அவள் தூக்கிக்கொண்டாள்.

செல்வி பிழைத்தாள். பேச்சு மெல்ல வந்தது. நடை தேறியது. எழுத்து மட்டும் அவளிடம் நிற்கவில்லை. ஒன்றாம் வகுப்பில் இரண்டு வருடம் இருந்தாள். ஓரிடத்தில் உட்காரமாட்டாள். எது திரும்பும், எது திரும்பாது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஈயம் எலும்பில் போய்த் தங்கும் என்றும், வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும் என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். ஒவ்வொரு காய்ச்சலுக்கும் நான் பயந்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு வருடம் போனபின் பரிசோதனைக்குச் சென்றிருந்தோம். டாக்டர் முழங்காலை எக்ஸ்ரே எடுத்தார். தொடையெலும்பின் குறுக்கே, முழங்காலுக்குச் சற்று மேலே ஒரு வெள்ளைக் கோடு ஓடியது.

“ஈயம் உடம்புல இருந்தப்ப வளந்த எலும்பு இந்தக் கோடு. இதுக்குக் கீழ இருக்கிறது பூராம் அப்புறம் வளந்தது. சுத்தமான எலும்பு.”

கோட்டுக்குக் கீழே அந்தப் புது எலும்பு ஒரு விரற்கடை அகலம் இருக்கும். அவ்வளவுதான். அந்த இடத்தின் மேல் விரலை வைத்துப் பார்த்தேன். ஒரு வருடத்தை அப்படிக் கண்ணால் பார்த்தது அதுதான் முதல் முறை.

இப்போதும், பத்து வயதாகும் செல்வியின் பாவாடை குட்டையாகிவிட்டது என்று யாராவது சொன்னால் என் கண் அவள் முழங்காலுக்குத்தான் போகிறது. உள்ளே எலும்பு வளர்ந்துகொண்டிருக்கிறது. அதற்கென்று ஒரு வேகம் இருக்கிறது. நான் அவசரப்படுத்துவதில்லை. பாவாடையின் மடிப்பைப் பிரித்து, இன்னும் கொஞ்சம் இறக்கித் தைக்கிறேன்.