இரண்டு முறை தீட்டிய அரிசி

ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக் கலந்திருப்பதாக என் மருமகள் உறுதியாக நம்புகிறாள். அரிசி வாங்கி வந்ததும் முறத்தோடு உட்கார்ந்து, மற்றவற்றைவிடச் சற்று மங்கலாகத் தெரியும் மணிகளைப் பொறுக்கி வெளியே எறிகிறாள். அது பிளாஸ்டிக் இல்லை, அரிசி மாவில் இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் பி12 வைட்டமினும் சேர்த்து மறுபடி அரிசியாகச் செய்து கலந்திருக்கிறார்கள் என்று விளக்கினேன். வருவாய்த் துறையிலிருந்து ஓய்வு பெற்றவள் நான். எதையும் பூர்வாங்கம் முதல் இறுதி உத்தரவு வரை சொல்லி முடிக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, “போங்க அத்தை, கவர்மென்ட் சொன்னா உங்களுக்கு எல்லாம் சரிதான்” என்றாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. அரிசியில் இருக்க வேண்டியதை மெனக்கெட்டு வெளியே எறிவதில் எங்கள் குடும்பத்துக்கு முன் அனுபவம் உண்டு. அதில் ஓர் உயிர் போயிருக்க வேண்டும். போகவில்லை. அதற்காக இன்றைக்கும் சிலரை நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

நன்னிலத்துக்குப் பக்கத்தில் அப்பாவுக்கு ஒரு ரைஸ் மில் இருந்தது. நெல்லை ஊறப்போட்டு, அவித்து, களத்தில் காயவைத்து அரைக்கும் புழுங்கலரிசி மில். நாங்களும் அந்தப் புழுங்கலரிசியைத்தான் சாப்பிட்டோம். மில் ஆட்கள், வண்டிக்காரர்கள், நான், அம்மா எல்லோருக்கும் ஒரே அரிசி. அக்கா தலைப்பிரசவத்துக்கு வந்தபோதுதான் அந்தச் சமத்துவம் போயிற்று.

அக்கா மேல் அப்பாவுக்கு உயிர். வயிற்றுப்பிள்ளைக்காரிக்குப் பழுப்பு நிறத்தில் சோறு போடுவதா என்று, நல்ல நெல்லாகத் தேர்ந்து, அவிக்காமல் பச்சையாகவே அரைத்து, மெஷினில் இரண்டு முறை தீட்டினார். இந்த வேலையை ஆட்களிடம் விடவில்லை. அவரே நின்று செய்தார். அரிசி மல்லிகை மொட்டு மாதிரி இருந்தது. உள்ளங்கையில் வைத்து வருகிறவர்களிடமெல்லாம் காட்டினார். உதிர்ந்த தவிடு மாட்டுக்குப் போயிற்று.

அம்மா தன் பங்குக்கு அந்த அரிசியைத் தண்ணீர் தெளியும்வரை களைவாள். களைந்த தண்ணீர் மாட்டுக்கு. உலையில் நிறைய நீர் வைத்துப் பொங்கவிட்டு, கஞ்சியை வடித்துவிடுவாள். வடித்த கஞ்சியும் மாட்டுக்கு. மிச்சமிருந்த வெள்ளைச் சோறு அக்காவுக்கு.

பிள்ளை பிறந்த பிறகு பத்தியம் ஆரம்பமாயிற்று. பருப்பு வாயு, கீரை குளிர்ச்சி, முட்டை சூடு, கடலை பித்தம். ஒவ்வொன்றுக்கும் தடை உத்தரவு இருந்தது. காரணமும் அதிலேயே இருந்தது. கடைசியில் அனுமதிக்கப்பட்டவை அந்த வெள்ளைச் சோறும் மிளகு ரசமும் சுட்ட அப்பளமும்தான். உடம்பு தேறினால் பத்தியத்தைத் தளர்த்தலாம் என்பது விதி. அக்காவுக்கு உடம்பு தேறவில்லை. கால் மரத்துப்போகிறது, பாதம் எரிகிறது, கீழே உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை என்றாள். ஆகவே பத்தியம் நீடித்தது. பத்தியம் நீடித்ததால் உடம்பு தேறவில்லை. பிற்காலத்தில் என் மேசையில் இப்படித் தன்னைத் தானே சுற்றிவந்த கோப்புகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றைப் போட்டுச் சுற்றவிட்டவர்களில் யாருமே கெட்டவர்கள் இல்லை.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தூளி ஆட்டுவது என் வேலை. பையன் முதலில் ஊரைக் கூட்டி அழுகிற ஜாதியாகத்தான் இருந்தான். மூன்று மாதம் முடிந்த பிறகு குரல் கம்மியது. அப்புறம் காற்றுப் போகிற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் அதுவும் இல்லை. வாயைத் திறப்பான், முகம் சிவக்கும், கையும் காலும் உதறும், சத்தம் மட்டும் வராது. பால் குடிக்க ஆரம்பித்து உடனே விட்டுவிடுவான். குடித்த கொஞ்சத்தையும் கக்குவான்.

“பத்தியப் பால் குடிக்கிற பிள்ளை. அதான் அடக்கமா இருக்கு” என்றாள் அம்மா. பார்க்க வந்தவர்களும் ஒத்துக்கொண்டார்கள். அக்கா மட்டும், “இல்லம்மா, எனக்கு என்னமோ பயமா இருக்கு” என்பாள். தலைப்பிள்ளைக்காரி பயப்படுவது சகஜம் என்று அவள் முறையீடு தள்ளுபடி ஆனது. எனக்கு அதில் வருத்தம் இருந்ததாகச் சொல்ல முடியாது. சத்தம் போடாத பிள்ளைக்குத் தூளி ஆட்டுவது சுலபம்.

அந்தச் சமயத்தில் அத்தான் சீர்காழியிலிருந்து பிள்ளையைப் பார்க்க வந்தார். பள்ளிக்கூட வாத்தியார். அவர் வகுப்பில்கூடச் சத்தம் போட்டுப் பேசமாட்டார் என்று அக்கா சொல்வாள். எங்கள் வீட்டில் அவருக்கு மரியாதை அதிகம், அதிகாரம் கிடையாது. பெண் பிரசவத்துக்குப் பிறந்த வீட்டில் இருக்கிறவரை மாப்பிள்ளை வருவார், விருந்து சாப்பிடுவார், பிள்ளையைத் தூரத்தில் நின்று பார்ப்பார், போவார். கேள்வி கேட்டால் குறை சொல்கிறார் என்று அர்த்தம்.

கை கழுவி வந்த அவரை நான்தான் தூளிப் பக்கம் இழுத்தேன். “அத்தான், இங்க வந்து பாருங்களேன். இவன் அழுவுறான், சத்தமே வராது!” என்று ஏதோ வித்தை காட்டுகிற மாதிரி துணியை விலக்கினேன்.

அத்தான் குனிந்து பிள்ளையின் வாயருகே காதை வைத்தார். நெஞ்சில் கையை வைத்தார். அது குருவி நெஞ்சு மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. அங்கே இலை போட்டு, அம்மா வாழைக்காய் வறுவலைப் பரிமாறிக்கொண்டிருந்தாள்.

“மாப்பிள்ளை, சோறு ஆறுது” என்றார் அப்பா.

அத்தான் வந்து இலைக்கு முன்னால் நின்றார். உட்காரவில்லை.

“மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. இவங்க ரெண்டு பேரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போலாம்னு இருக்கேன்.”

“ஆஸ்பத்திரிக்கா? எதுக்கு? என் வீட்டுல என்ன குறை வச்சேன்? ராஜா வீட்டுலகூட இந்த அரிசி கிடைக்காது மாப்பிள்ளை. நானே நின்னு தீட்டினேன்.”

“குறை ஒண்ணும் இல்லீங்க மாமா. பிள்ளைக்குக் குரல் இல்ல.”

“வெயில் தாழட்டும், பாத்துக்கலாம். முதல்ல உக்காருங்க, சாப்பிடுங்க.”

“இப்பவே போவணும் மாமா. நீங்க வரலன்னாலும் நான் போறேன்.”

மாப்பிள்ளை இலையில் கை வைக்காமல் எழுந்துபோவதைவிட ஒரு வீட்டுக்குப் பெரிய அவமானம் இல்லை. இவர் உட்காரவே இல்லை. அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். அப்பாவின் முகம் கறுத்தது. ஆனால் அத்தான் பேசினதைத் திருப்பி வாங்கவில்லை. உள்ளேயிருந்து அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு, பிள்ளையோடு மெல்ல நடந்து வந்து அவர் பக்கத்தில் நின்றாள். அப்பா அவள் நடையைப் பார்த்தார். அவள் அப்படிச் சுவரைப் பிடித்து நடப்பது மாதக்கணக்கில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவர் அன்றைக்குத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

வாசலில் மில் லாரி நின்றது. திருவாரூருக்குத் தவிடு ஏற்றிக்கொண்டு புறப்படத் தயாராக இருந்தது. அக்காவும் பிள்ளையும் அம்மாவும் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார்கள். அப்பாவும் அத்தானும் நானும் பின்னால் தவிட்டு மூட்டைகளின் மேல். மருந்தின் மேல் உட்கார்ந்துகொண்டே மருந்தைத் தேடிப் போனோம் என்பது எங்கள் மூவருக்கும் தெரியாது.

ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர். பிள்ளையின் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார். ஈரலைத் தொட்டுப் பார்த்தார். அக்காவைத் தரையில் குந்தச் சொல்லி, எழுந்திருக்கச் சொன்னார். அவளால் முடியவில்லை. அப்புறம் அம்மாவிடம் திரும்பினார்.

“இவங்களுக்கு என்ன சாப்பாடு குடுக்கிறீங்க?”

அம்மா பெருமையோடு சொன்னாள். அரிசியிலிருந்து அப்பளம் வரை.

“தீட்டின தவிட்டை என்ன பண்றீங்க?”

“மாட்டுக்குங்க.”

“அரிசி களைஞ்ச தண்ணி?”

“அதுவும் மாட்டுக்குங்க.”

“கஞ்சியை வடிப்பீங்களா?”

“வடிச்சு மாட்டுக்கு வச்சிருவோங்க டாக்டர். வீணாக்க மாட்டோம்.”

“மாடு எப்படி இருக்கு?”

“நல்லா இருக்குங்க. கண்ணு பட்டுரும், அப்படி இருக்கு.”

“இருக்கும்” என்றார் டாக்டர். அதற்குள் ஊசியை எடுத்துவிட்டார். பிள்ளைக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று.

அது பி1 என்பதையும், நோய்க்கு பெரிபெரி என்று பெயர் என்பதையும் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். பி1 தவிட்டில் இருக்கிறது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அதில் ஒரு பகுதி அரிசிக்குள்ளே இறங்கித் தங்கிவிடும். அதனால்தான் புழுங்கலரிசி சாப்பிட்ட எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பச்சையாகத் தீட்டினால் தவிட்டோடு போகும். மிச்சம் களைந்த தண்ணீரிலும் வடித்த கஞ்சியிலும் போகும். பருப்பும் கீரையும் முட்டையும் கடலையும் சேர்ந்தால் ஈடுகட்டியிருக்கும், அவற்றுக்கெல்லாம் தடை. தாயின் உடம்பில் இல்லாதது பாலிலும் இல்லை. அது இல்லாவிட்டால் குழந்தையின் இதயமும் குரல் நரம்பும் தளர்ந்துபோகும். அந்த வீட்டில் எல்லோரும் யாரை அதிகமாகத் தாங்கினோமோ, அவளுக்கும் அவள் பிள்ளைக்கும் மட்டும் அந்த நோய் வந்தது.

“நான் தீட்டினதாலயா டாக்டர்?” என்று அப்பா கேட்டார். டாக்டர் ஊசியைக் கீழே வைத்தார். “இனிமே புழுங்கலரிசி குடுங்க. வடிக்காம பொங்குங்க. பருப்பு, கீரை, முட்டை எல்லாம் குடுங்க. உங்க பொண்ணு கேக்கிறதெல்லாம் குடுங்க” என்று மட்டும் சொன்னார். அப்பாவைத் தண்டிக்கிற வார்த்தை அவரிடம் நிறைய இருந்திருக்கும். ஒன்றையும் எடுக்கவில்லை. எத்தனையோ விசாரணைகளில் உட்கார்ந்திருக்கிறேன். இவ்வளவு சுருக்கமான, இவ்வளவு நியாயமான தீர்ப்பை நான் பார்த்ததில்லை.

மாலைக்குள் பிள்ளைக்கு மூச்சு சீரானது. பால் குடித்தான், கக்கவில்லை. அக்காவுக்குக் கால் தெம்பு வர வெகு நாளாயிற்று. அத்தான் லீவை நீட்டித்துக்கொண்டு ஆஸ்பத்திரியிலேயே கிடந்தார். அப்பா காலையில் காப்பி வாங்கி வந்து முதலில் அவருக்குத்தான் கொடுத்தார். அதைத் தவிர மன்னிப்பு என்று ஒன்றும் கேட்டதாகத் தெரியவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. அதற்கப்புறம் எங்கள் வீட்டில் அத்தான் எதற்கும் குரல் உயர்த்தியதில்லை. வாழ்நாளில் ஒரே ஒரு முறை பேச வேண்டியிருந்தது, பேசிவிட்டார். என் அக்கா மகன் இன்றைக்குப் பேரன் எடுத்துவிட்டான்.

ஆனால் குரல் மட்டும் உடனே வரவில்லை. பிள்ளை நன்றாகக் குடித்தான், தூங்கினான், சிரித்தான். அழும்போது காற்றுத்தான் வந்தது. வரும் என்றார் டாக்டர். எப்போது என்று சொல்லவில்லை. பெரியவர்கள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு காலையில் அவன் பசித்து விழித்தான். வாயைத் திறந்தான். முதலில் ஒரு கீச்சு. அப்புறம் உடைந்த ஒரு சத்தம். அதற்கப்புறம் வார்டு முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரே கத்தல். அம்மா கையிலிருந்த தம்ளரை அப்படியே கீழே வைத்தாள். அத்தான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அக்கா மடியில் அவனை வைத்துக்கொண்டு, பால் கொடுக்காமல், அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளை அழுதால் ஆட்ட வேண்டியது என் வேலை. நான் ஓடிப்போய்க் கையை நீட்டினேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

“விடும்மா. அழட்டும்.”

அந்தப் பக்கம் போன நர்ஸ் நின்று, “பிள்ளை இந்தக் கத்து கத்துது, எல்லாருமா சேந்து வேடிக்கை பாக்குறீங்க?” என்று கடிந்துகொண்டார்.

“ஆமாங்க சிஸ்டர்” என்றார் அப்பா. என் கையை அவர் விடவில்லை. அவர் கன்னம் ஈரமாக இருந்தது.

பசித்து அழுகிற குழந்தையை இத்தனை பெரியவர்களில் ஒருவருக்காவது தூக்கத் தோன்றவில்லையே என்று எனக்கு அவர்கள் எல்லோர் மேலும் கோபம் கோபமாக வந்தது.