என் பெயரில் வந்த பதில்

பேக்கிங் பகுதியில் இருந்த டெர்மினல்கள் ஒரு திங்கட்கிழமை காலையில் திறக்க மறுத்தன. எல்லாமே மறுத்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும். சில திறந்தன, சில திறக்கவில்லை. திறக்காததை அணைத்து மறுபடி போட்டால் திறந்தது. அதற்குள் பக்கத்தில் இருந்தது படுத்துக்கொண்டது.

நான் வேலை செய்வது மாக் மண்டினில், கதவுக் கீல்களும் அலமாரிப் பூட்டுகளும் செய்கிற ஒரு தொழிற்சாலையில். ஒவ்வொரு பெட்டிக்கும் டெர்மினலில் எண்ணைத் தட்டி லேபல் அச்சிட்டு ஒட்ட வேண்டும். லேபல் இல்லாத பெட்டியை லோரியில் ஏற்ற மாட்டார்கள். அன்று காலை லோரிகள் வாசலில் வரிசையாக நின்றன.

"தங்கச்சி, உங்க பிள்ளைங்கள்ல பாதி இன்னும் எந்திரிக்கல," என்றார் பேக்கிங் சூப்பர்வைசர். "பள்ளிக்கூடம் லீவுன்னு சொல்லிட்டீங்களா?"

நான் சிரித்துவிட்டு சர்வர் அறைக்குப் போய்விட்டேன். பதிலுக்கு ஏதாவது சொல்ல எனக்கு அவ்வளவு சீக்கிரம் வராது.

பள்ளி முடிக்கிற ஐந்தாம் படிவம் வரை படித்துவிட்டுக் கிளார்க்காக இந்தத் தொழிற்சாலைக்கு வந்தவள் நான். சர்வரை அமைத்துக் கொடுத்த இஞ்சினியர் சிங்கப்பூருக்குப் போனபோது அதை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த அறைக்குப் பக்கத்தில் என் மேசை இருந்தது, அதனால் என்னைப் போட்டார்கள். அந்த வேலை எனக்குப் பிடித்துப்போய்விட்டது. சர்வரில் ஓடுகிற யூனிக்ஸ் ஒரு விஷயத்தில் என்னைப் போல. சொன்ன வேலை சரியாக முடிந்தால் அது ஒன்றும் சொல்லாது. ஏதாவது தவறினால்தான் வாயைத் திறக்கும். அந்த அறையில் நான் பேசாமல் இருப்பதை யாரும் ஒரு குறையாகப் பார்த்ததில்லை.

எங்கள் டெர்மினல்களுக்கு உள்ளே டிஸ்க் கிடையாது. மின்சாரம் வந்ததும் தான் யார் என்றுகூட அதற்குத் தெரியாது. கேபிளில் இருக்கிற எல்லோருக்கும் கேட்கும்படி, நான் யார், யாராவது சொல்லுங்கள் என்று ஒரு குரல் கொடுக்கும். என் சர்வர் அதைக் கேட்டு, உன் எண் இது, இந்தக் கோப்பை என்னிடமிருந்து எடுத்துக்கொள் என்று பதில் சொல்லும். கோப்பு இறங்கினால் டெர்மினல் திறக்கும். அன்று திறக்காதவை எல்லாம் ஒரே இடத்தில் நின்றிருந்தன. எண் கிடைத்திருந்தது. கோப்பு கிடைக்கவில்லை என்று திரையில் எழுதியிருந்தது.

கோப்பு கிடைக்கவில்லை என்றால் முதல் சந்தேகம் என் சர்வர் மேல்தானே வரும்? அந்தக் கோப்பை நானே கையால் இன்னொரு கணினியிலிருந்து இறக்கிப் பார்த்தேன். ஒழுங்காக வந்தது. கோப்புகளை எடுத்துக்கொடுக்கிற சேவையை நிறுத்தி மறுபடி தொடங்கினேன். கேபிள்களை மாற்றினேன். சர்வரின் டிஸ்க் பழையது, அது சாகப் போகிறதோ என்று அதையும் சோதித்தேன். எல்லாம் நன்றாக இருந்தது. மறுநாள் காலை வேறு சில டெர்மினல்கள் படுத்துக்கொண்டன.

புதன்கிழமை மேனேஜர் சர்வர் அறை வாசலில் வந்து நின்றார். சீனர், என்னிடம் எப்போதும் மலாயில்தான் பேசுவார், குரலை உயர்த்த மாட்டார். இந்த வாரத்துக்குள் சரியாகவில்லை என்றால் பழைய சர்வரை மூடிவிடப் போவதாகவும், என்னைச் சுங்கை பாக்காப்பில் இருக்கிற எங்கள் சரக்கு ஸ்டோருக்கு அனுப்பப் போவதாகவும் சொன்னார். பிறகு, "உன் உடம்புக்கும் அதுதான் நல்லது," என்றார்.

என் உடம்புக்கு என்ன என்று எனக்கு விளங்கவில்லை. கேட்கவும் இல்லை.

சுங்கை பாக்காப் தெற்கே, எஸ்டேட் பக்கம். நான் இருப்பது பாலத்துக்கு அந்தப் பக்கம், தீவில், டத்தோ கிராமாட் பிளாட்டில். கார் ஓட்டத் தெரியாத எனக்கு அந்த ஸ்டோருக்குத் தினமும் போய்வருவது நடக்கிற காரியம் இல்லை. போனாலும் அங்கே நாள் முழுவதும் லோரி ஓட்டுநர்களோடு கத்திப் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அது என்னால் ஆகாது.

மாக் மண்டினுக்கு நான் போய்வந்தது அக்காவின் காரில். கூடப் பிறந்தவர் இல்லை. எங்கள் பிளாட்டில் மேல்மாடியில் இருப்பவர், அதே தொழிற்சாலையில் பர்ச்சேசிங் பகுதியில் வேலை. இந்த வேலை காலியாக இருக்கிறது என்று எனக்குச் சொன்னவரும் அவர்தான். பல வருடங்களாக ஒன்றாகப் பாலத்தைக் கடந்து போய்வந்தோம். அந்த வருடங்களில் எனக்காகப் பேசியதும் அவர்தான். கிளினிக்கில் என் காய்ச்சலை டாக்டரிடம் சொன்னது, பிளாட் ஆபீசில் என் வீட்டுத் தண்ணீர்க் குழாய்க்காகச் சண்டை போட்டது எல்லாம் அக்கா. கடையில் உட்கார்ந்ததும், "அவளுக்குத் தே ஓ கோசோங்," என்று சொல்லிவிடுவார். அது பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர், எனக்குச் சர்க்கரை போட்டதுதான் பிடிக்கும். முதல் நாள் சொல்லாமல் விட்டேன். பிறகு சொல்வதற்கு நேரம் கடந்துவிட்டது.

அந்த வாரம் முழுக்கக் காரில் ஏறியதும் அக்கா கேட்டார்.

"என்ன, கண்டுபிடிச்சிட்டியா?"

"இன்னும் இல்லக்கா."

"பாவம்லா நீ. பழசு பழசுதான். எத்தன நாளைக்கு அதக் கட்டிப் புடிச்சிட்டு அழுவ?"

புதன் மாலை மேனேஜர் சொன்னதை அவரிடம் சொன்னேன். பாலத்தில் நெரிசல், கார் ஊர்ந்துகொண்டிருந்தது. அக்கா கண்ணாடியைப் பார்த்தபடி, "சுங்கை பாக்காப் மோசமில்லலா. காத்து நல்லா இருக்கும்," என்றார். நான் வருத்தப்படாமல் இருக்கத்தான் அப்படிச் சொல்கிறார் என்று நினைத்தேன். கடலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

வியாழக்கிழமை வேறு வழியில்லாமல், கேபிளில் போய்வருவதை வரிவரியாகத் திரையில் காட்டுகிற கட்டளையைப் போட்டேன். அதுவரை என் சர்வரின் பதிவுகளில் தவறுகளை மட்டும் தேடிக்கொண்டிருந்தேன். என் பக்கத்தில் தவறே இல்லாததால் அங்கே ஒன்றும் அகப்படவில்லை. பேக்கிங் பகுதிக்குப் போன் செய்து ஒரு டெர்மினலை அணைத்துப் போடச் சொன்னேன்.

கேள்வி வந்தது. அடுத்த வரியில் ஒரு பதில் இருந்தது. அது என் சர்வரின் பதில் இல்லை. நான் பார்த்தே இராத ஓர் எண்ணிலிருந்து வந்திருந்தது. என் சர்வரின் பதில் அதற்கும் கீழே இருந்தது. டெர்மினல் முதலில் வந்ததை நம்பி, அந்த முகவரியில் போய் என் கோப்பைக் கேட்டது. அங்கே அப்படி ஒரு கோப்பு ஏது? நின்றுவிட்டது. இன்னொரு டெர்மினலைப் போடச் சொன்னேன். இந்தத் தடவை என் சர்வர் முந்திக்கொண்டது. டெர்மினல் திறந்தது.

பதில் சொல்ல இரண்டு பேர் இருந்திருக்கிறார்கள். யார் முந்துகிறார்களோ அவர்கள் சொல்வதுதான் அந்த நேரத்துக்கு உண்மை. என் சர்வரில் நோயே இல்லை என்று தெரிந்ததும் எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில்தான்.

அந்த இரண்டாவது ஆள் எந்தக் கேபிளில் இருக்கிறான் என்று எல்லாக் கேபிளும் வந்து சேருகிற சுவிட்ச் பெட்டியைக் கேட்டால் சொல்லிவிடும். சாம்பிள் அறைக்குப் போகிற கேபிள் என்று சொன்னது. வாங்க வருகிறவர்களுக்குப் பொருட்களைக் காட்டுகிற அறை அது, எப்போதும் பூட்டியிருக்கும். பேக்கிங் சூப்பர்வைசரிடம் சாவி இருந்தது. திறந்தார். மேசைக்கு அடியில் ஒரு கறுப்புப் பெட்டி பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. மேசைமேல் பளபளவென்று இரண்டு புது டெர்மினல்கள். அவற்றில் ஒட்டியிருந்த நிறுவனத்தின் பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை.

"அண்ணே, இது யார் வச்சது?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "என்ன தங்கச்சி, என்னையவே கேக்குறீங்க? உங்க அக்காதானே ஆளக் கூட்டியாந்து வச்சாங்க. போன சனிக்கிழம. புது சிஸ்டம் பாக்குறாங்களாம்."

"எனக்குத் தெரியாதுண்ணே."

"அதெப்படி? உங்ககிட்டக் கேட்டாச்சு, நீங்க சரின்னுட்டீங்கன்னு அவங்கதானே சொன்னாங்க. உங்களுக்கு அந்த ரூம் ஒத்துக்கல, ஏர்கோன்ல தலவலி, நீங்களே ஸ்டோருக்குப் போறேன்னு கேட்டீங்கன்னு." அவர் குரல் பாதியில் இறங்கியது. "கேக்கலையா?"

தலைவலி என்று நான் சொன்னது உண்மை. எப்போதோ ஒரு மாலை, காரில், நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, இந்த ஏர்கோன் குளிர் மண்டையைப் பிளக்கிறது என்று அக்காவிடம் சொன்னேன். அக்கா கைப்பையிலிருந்து தைலம் எடுத்துக் கொடுத்தார். அது அந்தக் காருக்குள்ளேயே முடிந்த பேச்சு என்றுதான் நான் இருந்தேன். மேனேஜர் என் உடம்பைப் பற்றிச் சொன்னது அந்த அறையில் நின்றபோதுதான் எனக்கு விளங்கியது.

குனிந்து பெட்டியின் கேபிளைக் கழற்றினேன். சூப்பர்வைசர் தடுக்கவில்லை. பேக்கிங் பகுதியில் எல்லா டெர்மினல்களையும் அணைத்துப் போட்டார்கள். எல்லாம் திறந்தன.

கொஞ்ச நேரத்தில் மேனேஜர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். அக்கா எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தார். பெட்டியைக் கழற்றியது யார் என்று மேனேஜர் கேட்டார். வழக்கம்போல அக்காவிடமிருந்து பதில் வந்தது. நான் விவரம் தெரியாமல் கழற்றிவிட்டதாகவும், அது சின்னக் குழப்பம் என்றும், தான் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். என் தோளைத் தொட்டுக்கொண்டேதான் சொன்னார். எத்தனையோ கவுண்டர்களில் என் பக்கத்தில் நின்று இதே மாதிரி என் தோளைத் தொட்டிருக்கிறார்.

 தெரிந்துதான் கழற்றினேன் என்று மலாயில் சொன்னேன். அந்தப் பெட்டி முந்திக்கொண்டு பதில் சொன்னதால்தான் டெர்மினல்கள் நின்றன என்று சொன்னேன். பிறகு, ஸ்டோருக்குப் போகிறேன் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை என்றும் சொன்னேன். கடைசி வாக்கியம் சரியாகக் கேட்டிருக்காது. மேனேஜர் திரும்பச் சொல்லச் சொன்னார். திரும்பச் சொன்னேன்.

மேனேஜர் அக்காவைப் பார்த்தார். அக்கா மேசையைப் பார்த்தார். "அப்படியென்றால் இவ்வளவு நாளும் ஏன் என்னிடம் வந்து சொல்லவில்லை?" என்று மேனேஜர் என்னைக் கேட்டார்.

"நீங்கள் என்னைக் கேட்கவில்லை," என்றேன்.

"கேட்டேனே," என்றார் அவர்.

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தவரை என்னைக் கேட்டிருந்தார். பதிலும் கிடைத்திருந்தது.

அன்று மாலை அக்காவின் காரில்தான் வீட்டுக்குப் போனேன். வேறு எப்படிப் போவது என்று யோசிக்கக்கூடத் தோன்றவில்லை. கார் பாலத்தின் பாதிக்கு வந்திருந்தது.

"அந்தப் பெட்டியாலதான் கெட்டுப்போச்சுன்னு எனக்கென்னலா தெரியும்?" என்றார் அக்கா. "சத்தியமா தெரியாது."

"பெட்டி இருக்கிறது தெரியுமில்லக்கா. தெனமும் கேட்டீங்களே, கண்டுபிடிச்சிட்டியான்னு."

"கொட்டேஷன் முடியுற வரைக்கும் வெளிய சொல்லாதேன்னாங்க. எனக்கு ப்ரமோஷன் இதுல இருக்கு, தெரியுமா ஒனக்கு?"

"அது சரிக்கா. நான் போறேன்னு ஏன் சொன்னீங்க?"

அக்கா பக்கத்தில் வந்த லோரிக்கு வழி விட்டார். "அவரு கேட்டப்ப ஏதாச்சும் சொல்லணும்ல. ஒன்னப் பத்தி எல்லாரும் என்னத்தானே கேக்குறாங்க. ஒனக்கு ஒத்துக்கும்னு நெனச்சேன்." பிறகு, கோபமாக இல்லாமல், ஏதோ கணக்குத் தப்பிப்போன மாதிரி சொன்னார்: "நீ வாயத் தொறப்பன்னு நான் நெனைக்கவே இல்ல."

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பேன். பெட்டியை வைத்தது வேலை. ரகசியமாக வைத்ததும் வேலை என்று விட்டுவிடலாம். ஆனால் நான் பேச மாட்டேன் என்பதை ஒரு வசதியாக அவர் எடுத்து வைத்திருக்கிறார். அத்தனை வருடம் எனக்காகப் பேசியதில் எதெல்லாம் என் பதில், எதெல்லாம் அவருக்கு வேண்டிய பதில் என்று அன்றிலிருந்து ஒவ்வொன்றாக யோசித்துப் பார்க்கிறேன். பிளாட் ஆபீஸ் சண்டையைக்கூட விட்டுவைக்கவில்லை. அதில் எனக்கு நன்மைதான் நடந்தது. இருந்தும் யோசிக்கிறேன்.

மறுநாளிலிருந்து பஸ், பெர்ரிப் படகு, மறுபடி பஸ் என்று போகத் தொடங்கினேன். காலையில் சீக்கிரம் கிளம்ப வேண்டும், மழை நாளில் நனைய வேண்டும். அக்கா ஒரு முறை கதவைத் தட்டி, "வர்றியா?" என்றார். "இல்லக்கா," என்றேன். அவரும் காரணம் கேட்கவில்லை.

என் வேலை போகவில்லை. நான் வாயைத் திறந்ததால் தப்பியது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் அதைக் காப்பாற்றியது பேக்கிங் பகுதியின் லேபல் பிரிண்டர்கள். புது சிஸ்டத்துக்கு அந்தப் பழைய பிரிண்டர்களோடு பேசத் தெரியவில்லை. எல்லாவற்றையும் மாற்றினால் கட்டுப்படியாகாது என்று மேனேஜர் கணக்குப் போட்டுப் பார்த்து, ஆபீசுக்குப் புதியது, பேக்கிங்குக்குப் பழையது என்று முடிவு செய்தார். சர்வர் அறை என்னிடமே இருந்தது. அக்காவுக்கும் ப்ரமோஷன் கிடைத்தது.

புது சாமான்கள் வந்த அன்று அந்த நிறுவனத்தின் ஆள் ஒருவர் என் அறைக் கதவைத் தட்டினார். தமிழர். இரண்டு சிஸ்டமும் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க ஆபீசுக்குத் தனிக் கேபிள் இழுக்க வேண்டும், எந்த வழியாக இழுக்கலாம் என்று கேட்டார்.

"பர்ச்சேசிங்ல கேட்டீங்களா?" என்றேன்.

"கேட்டேங்க. எனக்குத் தெரியாது, அவங்களையே போய்க் கேளுங்கன்னுட்டாங்க."

அதை அக்கா எப்படிச் சொன்னார் என்று அவரிடம் கேட்க நினைத்தேன். அது கோபமா, விலகிக்கொள்வதா, அல்லது அவருக்குத் தெரிந்த விதத்தில் மன்னிப்புக் கேட்பதா என்று குரலைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். வந்தவர் கையில் அளவு டேப்பை வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் எழுந்து, பேக்கிங் பகுதியைத் தொடாமல் சுவரோரமாகப் போகிற வழியைக் காட்டினேன்.