தேதி வந்தால் மொட்டை

லண்டனில் வேலைக்குப் போனதும் முடி கொட்டத் தொடங்கியது. பெண் தேடிக்கொண்டிருந்த எனக்கு அது ஒன்றுதான் சொத்து. திருத்தணியில் என்றால் டோக்கன் வாங்கி நேராகத் தோல் மருத்துவரைப் பார்த்துவிடலாம். லண்டனிலோ குடும்ப மருத்துவர் எழுதி அனுப்பியும் மாதக்கணக்கில் தேதி வரவில்லை. போனில் புலம்பினேன். தேதி கிடைத்தால் எனக்கு மொட்டை போடுவதாக அம்மா முருகனிடம் வேண்டிக்கொண்டாள்.

விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தபோது தேதி வந்தது.

“டாக்டரைப் பாத்துட்டு வந்து அடிச்சிக்கிறேம்மா.”

“சாமிகிட்டயே கடன் சொல்றியா? ஏறு மலைக்கு!”

லண்டன் மருத்துவர் பளபளத்த என் தலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். முடி வளர்ந்தபின் மறுபடி பதிவு செய்யச் சொல்லிவிட்டார்.

அம்மாவிடம் அழாத குறையாகச் சொன்னேன்.

“வுடு நைனா, இப்பதான் கொட்றதுக்கு ஒண்ணுமே இல்லியே!”