சுந்தரராஜ் அண்ணன் எதிர்பார்த்திருந்த போன்

சுந்தரராஜ் அண்ணன் போய்விட்டார். நேற்று காலை, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில்... ஹார்ட் அட்டாக்.

ராஜபாளையத்தில் மில் ஃபிட்டர். மொசாம்பிக்கில் ஒரு நூற்பாலைக்கு ஆள் எடுத்தபோது எங்கள் இருவரையும் சேர்த்துதான் அனுப்பினார்கள். நான்கு வருடம் ஒரே ரூம், ஒரே சமையல்.

போன முதல் வருடமே புயல். ஊர் முழுக்க மண்சுவர் கரைந்து கிடந்தது. தண்ணீர் வடிந்ததும் ஜனங்கள் மறுபடி மண் குழைக்க உட்கார்ந்தார்கள்.

எங்கள் ஷிப்டில் ஜோசே என்று ஒரு தொழிலாளி. அடுத்த புயல் வருகிறது என்றதும் அண்ணன் வேஸ்ட் நூலை முறுக்கிக் கனமாகக் கயிறு திரித்தார். ஜோசே வீட்டுத் தகரக் கூரையை மண்சுவரில் பதித்த கட்டையோடு இறுக்கிக் கட்டினோம்.

"பருத்தி நனைய நனையத்தான் கெட்டியாகும்லே... எம்புட்டு மழை அடிச்சாலும் அறாது" என்றார். மில்லிலேயே கிடந்த மனுஷன், நம்பத்தானே செய்வோம். நானும்தான் ஒரு முனையைப் பிடித்து இழுத்தேன்.

கயிறு அறவில்லை. காற்று கூரையைத் தூக்கியபோது சுவரும் சேர்ந்து பெயர்ந்து ஜோசேயின் அம்மா மேல் விழுந்தது. இடுப்பு போனதுதான், அந்தம்மா பிறகு நடக்கவே இல்லை.

"நூலைப் பாத்தேன், சுவரைப் பாக்கலையேலே..." ஒரே ஒரு தடவைதான் என்னிடம் சொன்னார்.

அவர்கள் யாரும் அவரைத் திட்டவில்லை. அடுத்த வருடம் புயல் என்றதும் ஜோசே வந்து அதே கயிற்றைக் கேட்டார்... அன்றைக்கு அண்ணன் ரூமை விட்டு வெளியே வரவில்லை.

ஊருக்குத் திரும்பிய பிறகும் அங்கே புயல் என்று நியூஸ் வந்தால் ஜோசேக்கு போன் போடுவார். "அம்மா?" என்று மட்டும் கேட்பார். எத்தனை புயல்... எண்ணுவதையே விட்டுவிட்டோம்.

போன வாரம் மறுபடி ஒன்று. லைன் கிடைக்கவே இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு, "நீயாவது போட்டுப் பாருலே" என்றார். போட்டுக்கொண்டேதான் இருந்தேன்.

இன்று காலை சுடுகாட்டில் பால் ஊற்றிவிட்டுத் திரும்பும்போது ஜோசேயின் மெசேஜ். வீடு போய்விட்டதாம். அம்மாவைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடிவிட்டார்களாம். மாஸ்டரிடம் சொல்லச் சொல்லியிருக்கிறார்; அண்ணனை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

இன்னும் பதில் போடவில்லை. என்னவென்று போட...

அந்தம்மா உசுரோடதான் இருக்காவ அண்ணே. போயிட்டு வாங்க.