இடப்பக்கச் சேறு

துவைக்காத ஜெர்சி ஒன்று என்னிடம் இருக்கிறது. பிளாஸ்டிக் பையில் கட்டி, சலவை அறையில் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். யாங்கூனில் ஒரு கால்பந்துக் குழுவுக்கு இருபது வருடத்துக்கு மேலாகத் துணி துவைக்கிறேன். சேற்றோடு நான் விட்டுவைத்தது அது ஒன்றுதான். என் மச்சானுடையது. மனைவியின் தம்பி. எங்கள் குழுவின் மூன்றாவது கோல்கீப்பர்.

மூன்றாவது கீப்பருக்கு ஆட வாய்ப்பு வராது. ஆனால் சம்பளம் உண்டு, சாப்பாடு உண்டு. போட்டிகள் முடிந்து மழைக்காலம் வந்தால் புது ஆட்கள் வருவார்கள். ஆறு வருடத்துக்கு முன், ஊர்க்கோடி ஷ்வேப்யிதாவில் ஒரு தொழிற்சாலைக் குழுவுக்குக் கீப்பராக ஆடியவன் வந்தான். நீளமான கை. இடம் ஒன்று, ஆள் இரண்டு. மச்சானுக்கு முப்பத்து நாலு வயது. வேறு வேலை தெரியாது.

பயிற்சியாளரை சயா என்றுதான் கூப்பிடுவோம். யாரை விடப்போகிறோம் என்று அவர் வாய்திறந்து சொல்லமாட்டார். காலையில் ஆளுக்கொரு ஆணியில் நான் ஜெர்சி மாட்டிவைப்பேன். ஆணி காலி என்றால் அந்த ஆள் பையை எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். அதுதான் வழக்கம். அதற்கு முந்தைய நாள் சயா சலவைத் தொட்டி பக்கம் வருவார். அன்றும் வந்தார்.

"துணி என்ன சொல்லுது?" என்று கேட்டார்.

என் கையில் மச்சானின் ஜெர்சி இருந்தது. வலப்பக்கம் முழுக்கச் சேறு. இடப்பக்கம் சுத்தம். மூன்று வாரமாக அப்படித்தான். இடது தோளில் வலி, அந்தப் பக்கம் பாய்வதில்லை. மறைத்துக்கொண்டு ஆடினான். "ரெண்டு பக்கமும் கொஞ்சம் சேத்தப் பூசி விட்டுரு மாமா" என்று என்னிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தான். விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன்.

"இடப்பக்கம் சேறு இல்ல சயா" என்றேன்.

மறுநாள் ஆணியைக் காலியாக விட்டது என் கைதான்.

மச்சான் வந்தான். ஆணியைப் பார்த்தான். "மறந்துட்டியா மாமா?"

"இல்ல."

அவன் போகவில்லை. பையிலிருந்து பழைய ஜெர்சி ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு, யாரும் ஆடாத கடைசி கோலில் போய் நின்றான். மழை. பந்து எதுவும் அங்கே வரவில்லை. இடப்பக்கம் பாய்ந்தான். எழுந்தான். மறுபடி இடப்பக்கம். கண் எதையோ தொடர்ந்தது. இரண்டு கையும் எதையோ பிடித்தன. முதல் நாள் பையன்கள் சிரித்தார்கள். "ஏய், அது கோலுடா! ரெஃப்ரீயக் கூப்பிடு!" என்றார்கள். நாலாவது நாள் யாரும் சிரிக்கவில்லை. கையுறையில் பந்து விழும் சத்தம் கேட்டதாக ஒருவன் சொன்னான். எனக்கும் கேட்டது. நான் சொல்லவில்லை. சயா எல்லாரையும் அந்த கோலுக்கு முதுகு காட்டி ஓடவிட்டார்.

ஒன்பதாவது நாள் அவன் வரவில்லை. ஆற்றுக்கு அக்கரையில், அவன் வீடு இருந்த டாலாவில், வழக்கம்போல் பையோடு படகில் ஏறினான், இந்தக் கரையில் இறங்கினான் என்று படகுக்காரர் சொன்னார். அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. இன்றுவரை இல்லை. அன்று மத்தியானம் தொட்டி விளிம்பில் அந்தப் பழைய ஜெர்சி மடித்தபடி இருந்தது. இடப்பக்கம் முழுக்கச் சேறு. வலப்பக்கம் சுத்தம்.

தீபாவளிக்கு மனைவி இன்னும் அவனுக்கும் சேர்த்துச் சமைக்கிறாள். சயாவிடம் நான் சொன்னது அவளுக்குத் தெரியாது. அவள் தமிழ் பேசுவாள், படிக்க வராது. அதனால்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன்.

இப்போது வேறு சயா. வழக்கம் மாறவில்லை. இந்த மழைக்கும் ஓர் இடத்துக்கு இரண்டு பேர். போன வாரம் தொட்டி பக்கம் வந்து அதையே கேட்டார்.

"எல்லாம் ஒரே சேறுதான் சயா" என்றேன்.

அவர் போனபின் மேல்தட்டிலிருந்து அந்தப் பிளாஸ்டிக் பையை இறக்கிப் பிரித்தேன். ஆறு வருடத்துச் சேறு. காய்ந்து உதிர்ந்திருக்க வேண்டும். தொட்டேன். விரலில் ஈரமாக ஒட்டியது.