மனுசிக்குக் கேட்கிற மாதிரி ஒரு ஸ்பீக்கர்

எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் ஷிஃப்ட் வேலை. நான் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில். மனுசி ஒரு ஹோட்டலில் அறைகள் துப்புரவாக்குகிறாள். நான் வீட்டுக்கு வருகிற நேரம் அவள் வெளிக்கிடுவாள். வாரத்தில் நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதென்றால் அது வெள்ளிக்கிழமை காரில்தான். ஜெர்மனியில் நாங்கள் இருக்கிற ஹனோவரிலிருந்து எங்கள் அம்மன் கோயிலுக்கு இரண்டு மணித்தியால ஓட்டம். பதிகம் போட்டுக்கொண்டு போவோம். அவள் கூடவே பாடிக்கொண்டு வருவாள்.

போன வருசம் அவளுக்குக் காதுக்கருவி வந்தது. மேளம் மாதிரி மொத்தமான சத்தம் எல்லாம் கேட்குமாம், கூர்மையான சத்தங்கள்தான் போய்விட்டதாம், அப்படித்தான் டொக்டர் விளங்கப்படுத்தினார். ஆட்கள் கதைப்பது கேட்கும், என்ன கதைக்கிறார்கள் என்று பிடிபடாது. வீட்டில் என் வாயைப் பார்த்தே பிடித்துவிடுவாள். காரில் நான் றோட்டையல்லவா பார்க்கவேண்டும். பாட்டுக்கும் அதே கதிதான். எங்கள் பழைய காரின் முன்கதவு ஸ்பீக்கர் இரண்டும் கரகரவென்று இரையும். ஒருநாள் ஓட்டோபான் நெடுஞ்சாலையில் அவளே கையை நீட்டி நிற்பாட்டினாள்.

"இரைச்சல் மட்டும்தான் கேக்குது. ஒரு சொல்லும் விளங்கேல்லை. விடுங்கோ."

அதற்குப் பிறகு மூன்று மாதம் ரயர்ச் சத்தத்தோடு கோயிலுக்குப் போய்வந்தோம். அவள் யன்னலைப் பார்த்துக்கொண்டு வருவாள். எனக்கு அது தாங்க முடியவில்லை. இவளுக்கு இந்தக் காருக்குள் பதிகம் கேட்கவேணும் தாயே என்று அம்மனிடம் கேட்டேன். அந்த மூன்று மாதமும் வேறொன்றும் கேட்கவில்லை.

கோயிலில் கூட்டாளி ஒருவர் காருக்குப் பெரிய ஸ்பீக்கர் பூட்டியிருந்தார். கார் வருவது தெருமுனையிலேயே தெரியும்.

"அண்ணை, பின்னுக்கு ஒரு பெரிய பெட்டி பூட்டுங்கோ. தவில் அடிச்சா சீற்றே நடுங்கும்" என்றார்.

நான் கிட்டத்தட்ட முடிவெடுத்துவிட்டேன். சத்தம் கூடினால் அவளுக்குக் கேட்கும் என்பதுதான் என் கணக்கு. மனுசிதான் மறித்தாள்.

"அவரின்ரை மனுசி மோதகச் சட்டியை மடியில வைச்சுக்கொண்டெல்லே வாறா. டிக்கி முழுக்கப் பெட்டி. எங்கட கிடாரத்தை நான் மடியில வைக்கிறதோ?"

வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குச் சர்க்கரைப் புக்கை பொங்கிக் கொண்டுபோகிற கிடாரம் அது. ஒரு பிள்ளையைக் குளிக்க வார்க்கலாம், அவ்வளவு பெரிது. ஒரு சனிக்கிழமை இரண்டு பேரும் லீவு எடுத்து ஸ்பீக்கர் கடைக்கு வெளிக்கிட்டபோது அதை நிலவறையிலிருந்து தூக்கிவந்து டிக்கியில் வைத்துவிட்டுத்தான் காரில் ஏறினாள்.

கடையில் நின்ற பெண்ணுக்கு இரண்டு கையிலும் தோள்வரை பச்சை குத்தியிருந்தது. பெட்டிக்கு இடம் பார்க்க டிக்கியைத் திறந்தவள் கிடாரத்தைக் கண்டு நின்றாள்.

"இது மேளமா?"

"சோறு" என்றாள் மனுசி, டொச்சு மொழியில்.

அந்தப் பிள்ளை சிரித்துவிட்டு, உண்மையாகவே அளவுநாடாவை எடுத்து அளந்தாள். கிடாரமும் பெட்டியும் சேர்ந்து போக வழியில்லை. அதற்குப் பிறகு அவள் கேட்டதுதான் நல்ல கேள்வி. "யார் கேட்பதற்கு? என்ன கேட்பீர்கள்?"

நான் மனுசியைக் காட்டினேன். மனுசி காதைக் காட்டினாள்.

கடைக்குள்ளே ஒரு சுவர் முழுக்க ஸ்பீக்கர். பொத்தானை அமத்தினால் ஒவ்வொன்றாகப் பாடும். கடைக்காரப் பெண் தங்களுடைய பாட்டொன்றைப் போட வந்தாள். நான் என் ஃபோனை நீட்டினேன். கேட்கப்போவது பதிகம், அதை வைத்துத்தானே பார்க்கவேணும். மனுசி கதிரையில் இருந்துகொண்டு கண்ணை மூடினாள்.

முதலில் பெரிய பெட்டி. கண்ணாடிக் கதவு அதிர்ந்தது.

"உமக்குக் கேக்குதே?" என்றேன்.

"வயித்துக்குள்ள கேக்குது. காதுக்க வரேல்லை."

இன்னும் இரண்டு மூன்று போய், உள்ளங்கையளவு ஒரு சோடி வந்தது. பார்க்க ஒரு வடிவுமில்லை. அது பாடத் தொடங்கி இரண்டாவது வரியில் மனுசியின் உதடு அசைந்தது. எனக்குக் கண் கலங்கிப்போயிற்று, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ரேடியோவை மாற்றத் தேவையில்லையாம். முன்கதவுக்குள் இரைச்சல் அடக்குகிற தகடு ஒட்டி, குட்டி ஸ்பீக்கர் இரண்டையும் கண்ணாடிக்குப் பக்கத்தில் முகத்தைப் பார்க்கத் திருப்பிப் பூட்டினால் போதுமாம். "ஆனால் கடை அமைதி, ஓட்டோபான் அப்படியில்லை" என்றாள் அந்தப் பெண். "காரை ஓடிப் பாருங்கள். அவவுக்கு விளங்காவிட்டால் கழற்றி எடுக்கிறேன்." அதை ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லி வாங்கினேன்.

வெள்ளிக்கிழமை காலை, புதிதாகப் பூட்டின ஸ்பீக்கருக்குப் பொட்டு வைக்க மனுசி சந்தனக் கிண்ணத்தோடு காருக்கு வந்தாள்.

"ஓட்டையில பூசிப்போடாதேயும், அடைச்சுப்போகும்" என்றேன்.

"எனக்குத் தெரியாதே?" என்று ஓரத்தில் பொட்டு வைத்தாள்.

ஓட்டோபானில் ஏறும்போது மழை. பக்கத்தில் லொறிகள் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு போயின. பதிகத்தைப் போட்டேன். முதல் பாட்டு முடிந்தது. அவள் வாய் திறக்கவில்லை. திரும்பிப் பார்க்கவும் ஏலாது.

"கேக்குதே?" என்றேன்.

இரண்டாவது பாட்டும் போயிற்று.

"என்னப்பா, விளங்குதே?"

"நீங்கள் பேசாமல் ஓடுங்கோ. நடுவில கதைச்சா சொல்லு தவறுது."

பிறகு மெல்லிய குரலில் பாடத் தொடங்கினாள். மூன்று மாதம் பாடாத தொண்டை, முதலில் இழுபட்டது, பிறகு பிடித்துக்கொண்டது. அம்மாளாச்சி, உன்ரை கருணை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு ஓடினேன். கொஞ்ச நேரத்தில் நானும் சேர்ந்து பாடினேன். என் சுருதி சரியில்லை என்று கையால் காட்டினாள். சரியில்லைத்தான்.

கோயில் தெருவுக்குள் திரும்பும்போது கடைசிப் பதிகத்தில் இரண்டு பாட்டு மிச்சம். மடப்பள்ளியில் உதவி செய்கிற அண்ணை குடையோடு வாசலில் நின்றார், புக்கைக் கிடாரத்தை வாங்க. நான் காரை மெதுவாக்கினேன்.

"நிப்பாட்டாதேங்கோ" என்றாள் மனுசி. "ஒருக்காச் சுத்துங்கோ. இன்னும் ரெண்டு பாட்டுத்தானே."

கையை நீட்டிக்கொண்டு வந்த அண்ணையைக் கடந்து போனோம். கண்ணாடியில் பார்த்தேன். மழைக்குள் கையை விரித்து, எங்கே போகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டு நின்றார். மனுசி பாட்டை விடாமல் அவருக்குக் கும்பிட்டாள்.